சொந்த வீட்டுக்குப் போன கோனேரி

ஆனைக்குளம் என்ற ஊரை இராசகெம்பீரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் கடைசியாக யார் அவன் காதைக் கடித்தார்களோ அவர்கள் சொன்னதுதான் அவனுக்கு வேதம். பெரும்பாலும் கடைசியாகக் கடிப்பவர் மந்திரி வல்லபராயர்.

ஒருநாள் மந்திரி சொன்னார்: "மகாராஜா, வாடகை வீட்டில் இருப்பவனை நம்பவே கூடாது. இன்றைக்கு இங்கே, நாளைக்கு எதிரி ஊரில். பாயைச் சுருட்டினால் வேலை முடிந்தது. சொந்த வீடு உள்ளவனுக்குத்தான் மண்மேல் பற்று இருக்கும்."

"அட, ஆமாம்!" என்றான் ராஜா. உடனே ஆணை பிறந்தது. 'பௌர்ணமிக்குள் அவையோர் அனைவரும் சொந்த வீட்டில் குடியிருக்க வேண்டும். தவறினால் பதவி பறிபோகும்.'

அவையில் அறுபது பேர். அதில் ஐம்பத்தொன்பது பேருக்கு ஏற்கெனவே சொந்த வீடு இருந்தது. மீதி ஒருவன் ஓலை எழுதும் கோனேரி. அந்த ஆணையையும் அவனேதான் எழுத வேண்டியிருந்தது. தன் தலையெழுத்தைத் தன் கையாலேயே எழுதும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

கோனேரியின் நாக்குக்குக் கொஞ்சம் நீளம் அதிகம். மந்திரியின் கவிதையை ஒருமுறை சபையில் பாராட்டியிருந்தான்: "சீக்கிரம் முடிந்துவிட்டது, அருமை!" அன்றிலிருந்தே மந்திரிக்கு அவன்மேல் அளவற்ற அன்பு.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் அவன் மனைவி பூவாயி முகம் மலர்ந்துவிட்டது.

"நல்லதுதானேங்க! இந்த வீட்டுக்காரர் சுவரில் ஒரு ஆணி அடிக்க விடுகிறாரா? சொந்த வீடென்றால் இஷ்டத்துக்கு அடிக்கலாம்."

ஊரில் விலைக்கு இருந்தது ஒரே ஒரு வீடு. அதுவும் மந்திரியுடையது, ஏரிக்கரை ஓரம். புருஷனும் பெண்டாட்டியும் பார்க்கப் போனார்கள். பூவாயி கையோடு ஒரு ஆணி கொண்டுபோயிருந்தாள். அடித்தாள். ஆணி நின்றது, சுவர்தான் விழுந்தது.

மந்திரி கொஞ்சமும் அசரவில்லை. "காற்றோட்டம்!" என்றார் பெருமையாக.

"தரையெல்லாம் சேறாக இருக்கிறதே?" என்றான் கோனேரி.

"குளிர்ச்சி, அப்பா, குளிர்ச்சி! மழைக்காலத்தில் ஏரியே வாசலுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போகும். ராஜாவுக்குக் கூட அந்த யோகம் இல்லை."

"விலை?"

"உன் இருபது வருடச் சம்பளம். வேறொருவன் என்றால் நாற்பது கேட்டிருப்பேன். நீ யார்? எனக்குச் சொந்தம் அல்லவா! உன் பெரியம்மாளின் மருமகள் என் சிற்றப்பாவின் பேத்தி."

கோனேரியின் காதுகள் நிமிர்ந்தன. "நிஜமாகவே நான் உங்களுக்குச் சொந்தமா? ஊரறியச் சொல்வீர்களா?"

தெருவில் போன நாலு பேரைக் கூப்பிட்டு, "கோனேரி எனக்கு நெருங்கின சொந்தம்! சத்தியம்!" என்று முழங்கினார் மந்திரி. வியாபாரம் படிந்துவிட்டது என்று அவருக்கு ஒரே பூரிப்பு.

மறுநாள் காலை மந்திரியின் மாளிகை வாசலில் இரண்டு வண்டிகள் வந்து நின்றன. பூவாயி இறங்கினாள். மூன்று பிள்ளைகள் இறங்கினார்கள். ஆட்டுக்கல் இறங்கியது. இரண்டு ஆடுகள் இறங்கி, நேரே பூந்தோட்டத்துக்குப் போய்விட்டன. கடைசியாகப் பூவாயியின் தம்பி இறங்கினான். அவன் நாகசுரம் பழகுகிறவன். நான்கு வருடமாகப் பழகுகிறான். இன்னும் வரவில்லை.

கூடத்தில் பூவாயி ஆணி அடித்தாள். சுவர் அசையவில்லை. "இதல்லவா வீடு!" என்றாள்.

மூன்று நாள் பொறுத்தார் மந்திரி. நாலாம் நாள் காதில் பஞ்சோடு ராஜாவிடம் ஓடினார். "மகாராஜா! கோனேரி என் வீட்டைப் பிடித்துக்கொண்டான்!"

கோனேரிக்கு ஆள் போயிற்று. "என்னய்யா இது அக்கிரமம்?" என்று உறுமினான் ராஜா.

"தங்கள் ஆணைதான், மகாராஜா. வாங்கு என்று அதில் இல்லையே? 'சொந்த வீட்டில் குடியிருக்க வேண்டும்' என்றுதானே இருக்கிறது? எனக்கு இந்த ஊரில் ஒரே சொந்தம் மந்திரிதான். சொந்தத்தின் வீட்டில் குடியேறிவிட்டேன்."

"இவன் எனக்குச் சொந்தமே இல்லை!" என்று அலறினார் மந்திரி.

"நாலு பேர் முன்னால் சத்தியம் செய்தீர்களே?"

"அது... வீடு விற்பதற்காகச் சொன்னது!"

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராஜாவுக்கு இப்போதுதான் பொறி தட்டியது. ஆணை யாருக்காகப் பிறந்தது, எந்த வீட்டை விற்கப் பிறந்தது என்று மெல்ல மெல்ல விளங்கியது.

"மந்திரியாரே, ஒரு வழி இருக்கிறது. கோனேரி மாளிகையிலேயே இருக்கட்டும். நீர் அந்த ஏரிக்கரை வீட்டுக்குப் போய்விடும். அதுவும் உம்முடைய சொந்த வீடுதானே?"

மந்திரியின் முகம் வெளுத்தது. "ஐயோ, மகாராஜா! அடுத்த வாரம் மழை வந்துவிடுமே! பிள்ளைகுட்டிக்காரன் நான்!"

ராஜா சிம்மாசனத்தின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். சிரித்து முடிய வெகுநேரம் ஆயிற்று. பிறகு ஆணையை வாங்கிக் கிழித்துப் போட்டான்.

"கோனேரி, உன் புத்திக்குப் பரிசு. அரண்மனைத் தெருவில் புதிதாகக் கட்டிய மாடி வீடு இனி உன்னுடையது. எடுத்துக்கொள்!"

கோனேரி கைகூப்பினான். "மகாராஜா கோபிக்கக் கூடாது. வீடு தங்கள் பேரிலேயே இருக்கட்டும். எனக்குச் சின்ன வாடகைக்கு விடுங்கள், போதும்."

"அட பைத்தியக்காரா! சும்மா தருகிற வீட்டை வேண்டாமென்பார்களா?"

"சொந்த வீட்டில் கூரை ஒழுகினால் நான் யாரைப் போய்த் திட்டுவது, மகாராஜா? வாடகை வீடென்றால், நடுச்சபை என்றும் பாராமல், 'என்னய்யா வீட்டுக்காரரே, ஏணியை எடுத்துக்கொண்டு வருகிறீரா இல்லையா?' என்று தங்களையே கேட்கலாம். இந்த ஊரில் ராஜாவை அதட்ட ஒரு குடிமகனுக்கு வேறு என்ன வழி இருக்கிறது?"