தளவாயின் விரலைப் பதம் பார்த்த பல்

முன்னொரு காலத்தில் வேலங்குறிச்சி நாட்டை வீரகேது என்றொரு ராசா ஆண்டுவந்தான். காலையில் பரிசாகக் கொடுத்த யானையை மத்தியானம் திருப்பிக் கேட்கிற ஆள்.

அவனுடைய எட்டு மாதப் பிள்ளைக்கு முதல் பல் மேல் ஈறில் எட்டிப்பார்த்தது. வந்தது வினை. மேல்பல் முந்தினால் தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள். தாய்மாமன், படைக்குத் தலைவனான தளவாய் வல்லயன். ஈட்டிக்கு அஞ்சாதவன், அரிசி அளவு பல்லுக்குப் பயந்து மூன்று நாளாகச் சோறு தின்னவில்லை. அந்தப் பல்லைப் பிடுங்கக் குறட்டோடு தட்டானையே சபைக்குக் கூட்டிவந்துவிட்டான். பிள்ளை தன்னைக் கண்டால் அழுது, செவிலி பொன்னுருவியிடம் மட்டும் சிரிப்பதில் அவனுக்கு ஏற்கெனவே வயிற்றெரிச்சல்.

பிடுங்கு என்று ராசா தலையாட்டிவிட்டான். பொன்னுருவி பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டாள். சிவந்து வீங்கிய ஈறில் குறடா?

அவளுக்கு ஒன்று தெரியும். பால் குடித்து முடித்ததும் ஈரத்துணியை விரலில் சுற்றி ஈறைத் துடைப்பது அவள் வழக்கம். எட்டு நாளாகவே கீழ் ஈறில் துணி எதிலோ மாட்டியது. வீக்கத்தில் கண்ணுக்குத் தெரியவில்லை. செவிலி சொன்னால் சபை ஏறுமா? ஏறுகிற வாய் ஒன்று வேண்டும்.

"பிடுங்கட்டும், மகாராசா. அதற்கு முன்னால் ஈறைத் துடைக்கணும், இல்லாட்டி சீழ் வைக்கும். தளவாய் ஐயாவே துடைக்கட்டும். உயிர் அவருடையதாச்சே."

மோதிரத்தைக் கழற்றவைத்து, கையைக் கழுவவைத்து, துணியைக் கொடுத்தாள். 'சாமி, கடிச்சிருடா' என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டு பிள்ளையை நீட்டினாள்.

பிள்ளை கடித்தது. தளவாய் அலறிய அலறலில் தட்டான் குறட்டைக் கீழே போட்டான்.

"மேல்பல்தானே ஐயா குத்துச்சு?" என்றாள் சாதுவாக.

"மேலேன்னு யாருடி சொன்னா? கீழேதான் கத்தியாட்டம் வெட்டுது."

ராசா தன் விரலை விட்டுத் தடவிப் பார்த்தான், கீழே நறுக்கென்றது.

"எட்டு நாளாய்த் துணியில் மாட்டுது, மகாராசா. கீழ்ப்பல்தான் மூத்தது. நான் சொன்னால் எடுபடாது. ஐயாவே சொல்லிட்டார்."

ராசா விழுந்து விழுந்து சிரித்தான். தட்டானை அனுப்பிவிட்டு, தன் கழுத்து முத்துமாலையை அவளுக்குப் போட்டான். "மைத்துனரே, பல் முழுக்க முளைக்கும்வரை தினமும் ஈறு துடைப்பது இனி உம்ம வேலை" என்றான்.

மறுநாள் காலை தளவாய் ஈரத்துணியோடு தொட்டிலருகே வந்து நின்றான். இளவரசன் 'ஆ'வென்று வாயைத் திறந்தான். விரல்தான் வெகுநேரம் நீளவில்லை.