கடைசிக் கேள்வி

ஜவாஹிருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கல்லூரி அலுவலகத்தைப் பூட்டுவதற்குள் பேராசிரியர் காதர் மஸ்தான் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அவரோ தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார். அவசரம் என்ற சொல்லையே கேள்விப்படாதவர் போல.

மாணவர்கள் வேலைக்குத் தயாரா என்பதை இஸ்லாமிய மார்க்க நெறிகளைக் கொண்டு அளக்கும் வினாத்தாள் அது. ஜவாஹிர் தன் ஆய்வுக்காக ராப்பகலாக உழைத்து உருவாக்கியது. நாளை வரும் நிறுவனத்தின் நேர்காணலுக்கு, அதில் தேறியவர்களைத்தான் கல்லூரி அனுப்பப்போகிறது.

"லிஸ்ட்ல தமீம் பேரு இல்லையே?"

"மார்க் பத்தலை சார். நம்பிக் கொடுத்த அமானிதத்தைக் காப்பாத்துறது, நேரம் தவறாமை, எல்லாத்துலயும் குறைச்சல்."

"அவனுக்கு இது கடைசி வருஷமாச்சே."

"பாவமாத்தான் இருக்கு. ஆனா அளவுன்னா அளவுதானே சார்? எல்லாரும் 'எப்போதும்'னு டிக் பண்ணியிருக்காங்க. இவன் பாதிக்குப் பாதி 'சில நேரம்'னு போட்டிருக்கான். தன் வாயாலேயே ஒத்துக்கிட்டவனை எப்படி சார் அனுப்புறது?"

பேராசிரியர் பேனாவை மூடி வைத்தார். பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். உதடுகள் மட்டும் லேசாக அசைந்தன.

ஜவாஹிர் அவர் முகத்தையே பார்த்தான். கோபமோ? கையெழுத்துப் போடாமல் விட்டுவிடுவாரோ? மூன்று வருட உழைப்பு கண்முன்னே வந்து நின்றது. விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டான். புள்ளிவிவரம், சரிபார்ப்பு, நிறுவனத்தின் எதிர்பார்ப்பு என்று மூச்சுவிடாமல் அடுக்கினான். அவர் பேசாமல் இருக்க இருக்க இவன் குரல்தான் ஏறிக்கொண்டே போனது.

ஒருவழியாக அவர் நிமிர்ந்தார். வினாத்தாளை அவன் பக்கம் தள்ளினார்.

"கடைசிக் கேள்வியை வாசி."

"'பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது பேச்சை நிறுத்திவிடுவேன்.'"

"தமீம் என்ன போட்டிருக்கான்?"

"சில நேரம்."

"நீயா இருந்தா?"

"எப்போதும், சார்." யோசிக்கக்கூட இல்லை.

"அஸர் பாங்கு சொல்லியாச்சா?"

ஜவாஹிர் ஜன்னலைப் பார்த்தான். பள்ளிவாசல் கல்லூரி மதிலை ஒட்டித்தான் இருந்தது. ஒளுச் செய்த ஈரக் கைகளோடு ஆட்கள் தொழ உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அவன் முகம் செத்துப்போனது.

"எனக்குக் கேட்கலையே சார்."

"தமீமுக்குக் கேட்டிருக்கு" என்றார் பேராசிரியர், எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டே. "அதனாலதான் பேச்சை நிறுத்தாத நாளும் அவனுக்கு ஞாபகம் இருக்கு."