போர் உயர்ந்த வருஷம்

மாடுகள் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், அவை தின்றதை ஒரே முறைதான் மென்றன. விழுங்கினால் விழுங்கியதுதான். மற்ற நேரமெல்லாம் வாய் சும்மா இருந்ததால் நிறையப் பேசின. மனிதர்கள்தான் பாதிப் பேச்சுக்குக் காது கொடுக்கவில்லை.

மேட்டுக்காட்டு நாச்சப்பனிடம் ஒரு செவலைப் பசு இருந்தது. மார்கழியில் கிடாரிக்கன்று ஈன்றிருந்தது. காட்டில் கொழுக்கட்டைப் புல் மண்டி, அப்போதுதான் பூவெடுத்திருந்தது. அதை அறுத்துக் காயவைத்துப் போராக அடுக்கினால்தான் கோடைக்குத் தீவனம்.

"ஏனுங்க, இப்பவே அறுத்துப் போடுங்க. பூவெடுத்த புல்லுலதான் சத்து நிக்கும். விதை கொட்டிட்டா வெறுங்குச்சிதானுங்க" என்றது செவலை.

நாச்சப்பனுக்கும் தெரியாததல்ல. ஆனால் தை கடைசியில் அவன் மகள் பாவாயியைப் பெண் பார்க்க வருகிறார்கள். அந்தச் சீமையில் பெண்ணைப் பார்க்குமுன் வாசலில் நிற்கும் போரைத்தான் பார்ப்பார்கள். இளம்புல் காய்ந்தால் சுருங்கிவிடும். இடுப்புயரப் போரைக் காட்டி எந்த முகத்தோடு சம்பந்தம் பேசுவது?

"இன்னுங் கொஞ்சம் வளரட்டும், பொறு."

"ஒசரத்தையா நாங்க திங்கப் போறோம்?"

"மாட்டுக்கு இத்தன வாய் ஆகாது" என்று சிரித்துவிட்டுப் போனான்.

புல் தடித்தது, மஞ்சளித்தது, விதையைக் காற்றில் கொட்டியது. அதற்குப் பிறகுதான் அறுத்தான். போர் கூரைக்கு மேல் நின்றது. வந்தவர்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து தலையாட்டினார்கள். மாசியில் கல்யாணமும் நடந்தது. நாச்சப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிறகு கோடை வந்தது. காடு கருகியது. செவலை போரைத் தின்றது. வயிறு பானையாகப் புடைத்தது, விலா எலும்புகள் வரிசையாக எழுந்து நின்றன.

"வயிறு நெறையுதுங்க, ஒடம்புல ஒட்டலீங்க. கன்னுக்குப் பால் சுரக்கல."

"அத்தாப் பெரிய போரு, இன்னும் என்ன கொற உனக்கு?" என்று எரிந்து விழுந்தான். ஊர் மெச்சிய போரை மாடு குறை சொல்லலாமா! வீம்புக்குக் கண் ஏது?

கன்று வற்றிய மடியை முட்டிக்கொண்டே இருந்தது. பிறகு முட்டவும் தெம்பில்லாமல் படுத்தது. ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை. போர் பாதிகூடக் குறைந்திருக்கவில்லை.

நாச்சப்பன் போரிலிருந்து ஒரு பிடி உருவி முகர்ந்தான். புல் வாசமே இல்லை. வளைத்தான், விளக்குமாற்றுக் குச்சி மாதிரி ஒடிந்தது. பாவி, தெரிந்தே செய்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டான்.

செவலை கன்றின் பக்கத்தில் படுத்திருந்தது. அதன் கழுத்தில் ஏதோ மேலே ஏறி வந்தது. விழுங்கியதையே வாய்க்குக் கொண்டுவந்து மெல்ல ஆரம்பித்தது.

"என்னம்மா பண்றே?" என்றான் கிட்ட வந்து.

"நீங்க போட்டதுல ஒரு சொட்டுப் பாலுக்காவது ஏதாச்சும் இருக்குதான்னு தேடறனுங்க."

அதுதான் அது பேசிய கடைசிப் பேச்சு. அவன் அதன் காலடியில் விழுந்து கெஞ்சியும், கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு மென்றுகொண்டே இருந்தது.

அன்று முதல்தான் எந்தத் தொழுவத்து மாடும் தின்றதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து அரைத்துத் தேடுகிறது. நாம் என்ன கேட்டாலும் பதில் சொல்வதில்லை.