உமிக் குரல்

சிரிக்க வைக்கிறேன், சத்தியம். ஆனால் இப்போதே இல்லை. அதற்கு முன்னால் தில்லைக்கரசி கொஞ்சம் அழ வேண்டியிருக்கிறது.

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே வானொலி நாடகங்களில் பிள்ளைக்குரல் கொடுத்தவள் அவள். மழலையா, அடம்பிடிக்கிற பயலா, கூப்பிடு தில்லையை! தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. குரல் கரகரத்துப் போனது. கூப்பிடுவதும் நின்றது.

தனக்குப் பலகுரல் கற்றுத்தந்த மாசிலாமணியிடம் போனாள். அவர் வீட்டுக் கூடத்தின் குறுக்கே எப்போதும் ஒரு திரை தொங்கும். முகத்தைப் பார்த்தால் காது ஏமாறும் என்பார். பாடமெல்லாம் திரைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும்தான்.

"மாஸ்டர், என் குரல் ஹஸ்கியாம். ஒலிப்பதிவுக்காரர் சொல்றார். அகராதியைப் புரட்டினேன். ஹஸ்க்னா உமி. உமி நிறைஞ்சதுங்கிறதுதான் முதல் அர்த்தமாம். அப்புறம், உமியாட்டம் வறண்ட குரல்."

"அவ்வளவுதானா?"

"அதுக்கும் பிறகு, வாட்டசாட்டமான ஆளையும் அப்படிச் சொன்னாங்களாம்."

"உமிக்கு வந்த வாழ்வைப் பாரேன்!"

"கிண்டல் வேண்டாம் மாஸ்டர். என் பழைய குரல் திரும்புமா? இல்லேன்னா இன்னியோட இந்தத் தொழிலை விட்டுடுறேன்."

திரைக்குப் பின்னால் எதையோ உருட்டும் சத்தம்.

"உன் பழைய கேசட் ஒண்ணு கிடக்கு. போடறேன், கேளு."

டக். நாடா இரைந்தது. பிறகு ஒரு பிள்ளை கேட்டது: "அம்மா, நிலாவுக்கு யாரும்மா சோறு ஊட்டுவா?"

தில்லைக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. மைக் எட்டாமல் மரப்பெட்டி மேல் ஏறி நின்றது, எதிரொலி வராமலிருக்கப் பதிவறைச் சுவரில் தொங்கவிட்ட சாக்கின் வாசம், முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து குடித்த ஆறிப்போன டீ.

"எங்கடி போயிட்டே?" என்று முனகினாள்.

"இங்கதாங்க்கா இருக்கேன்," என்றது கேசட்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அப்புறம் ஏன்டி என்னை விட்டுப் போனே?"

"நீங்கதானே ஆஸ்பத்திரிக்குப் போனீங்க!"

துடைத்த கை அப்படியே நின்றது.

எழுந்து திரையை விருட்டென்று இழுத்தாள். கேசட்டும் இல்லை, டேப் ரெக்கார்டரும் இல்லை. மாசிலாமணி ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் வெறும் செம்போடு உட்கார்ந்திருந்தார்.

"மாஸ்டர்! உங்களை..."

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது அவளுக்கு. கூடமே கரகரத்தது.

"அச்சு அசலா அதே குரல்! எப்படி மாஸ்டர்?"

"அது லேசு, தில்லை. இப்ப சிரிச்சியே, இந்தக் குரலைத்தான் நீ ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த நாளா பழகிப் பார்க்கிறேன். எனக்கு வரவே மாட்டேங்குது."