தேரியில் வந்தவர்

செம்மணல் மேடுகளான தேரியின் நடுவே இருந்தது அந்த ஆசிரமம். காற்றடித்தால் நேற்றிருந்த மேடு இன்று இருக்காது. அதன் தலைவி சலோமி அம்மா. மறுநாள் காலை அவர் முன்னால் துறவு வாக்குக் கொடுக்க வேண்டியவர் ஞானாபரணம். அம்மாவைவிட மூத்தவர், கோர்ட்டில் வாதாடியே தலை நரைத்தவர், ஞாயிறுகளில் பிரசங்கமும் பண்ணியவர்.

சாயங்கால ஜெபம் முடிந்ததும் அவர் வந்து நின்றார்.

"என்ன வக்கீலய்யா, பெட்டியும் கையுமாக?"

"ஒரு கேள்வி, அம்மா. பதில் இல்லையென்றால் கடைசி பஸ்ஸில் ஊருக்குப் போகிறேன்."

"கேளுங்கள்."

"ராஜா எளியவராய், கழுதைமேல் வருவார் என்று சகரியா தீர்க்கதரிசி சொல்லிவைத்தார். யூத ஜனங்கள் அதைத் தலைமுறை தலைமுறையாக வாசித்தார்கள். சொன்னபடியே இயேசு வந்தார். பலருக்கு ஆள் தெரியவில்லை. குதிரைமேல் வரும் ராஜாவைத் தேடிக்கொண்டிருந்தார்கள். காத்திருந்தவர்களுக்கே தெரியவில்லை என்றால், எனக்குத் தெரியுமா? ஆளை அடையாளம் தெரியாமல் நான் வக்காலத்துப் போட்டதில்லை."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது.

"வாசலில் போய் நில்லுங்கள். வருகிறவரை உள்ளே கூட்டிவாருங்கள்."

"யார் வருகிறார்கள்?"

"வந்தபிறகு நீங்களே சொல்லுங்கள்."

அவர் பெட்டியை வைத்துவிட்டுப் போனார். அந்திச் சிவப்பில் மண் எது, வானம் எது என்று தெரியவில்லை. புழுதி கண்ணை அறைந்தது. திடீரென்று காற்று நின்றது. ஒரு பனையோலைகூட அசையவில்லை. வாசலில் கிடந்த நாய்கள் எழுந்தன. குரைக்கவில்லை. வாலை ஒடுக்கிக்கொண்டு, யாருக்கோ வழிவிடுவதுபோல விலகி நின்றன.

மேட்டிலிருந்து ஒரு கழுதை இறங்கி வந்தது. அதன்மேல் யாரோ குனிந்து உட்கார்ந்திருந்தார். கிட்டே வந்ததும் அவர் தலையை நிமிர்த்தினார்.

ஞானாபரணம் தனியாகத் திரும்பிவந்தார்.

"யாரும் வரவில்லையா?"

"உப்பளத்துக் கழுதை ஒன்று வந்தது. மேலே யாரோ ஒரு நோயாளி."

"கூப்பிட்டீர்களா?"

"மண் பறந்தது, அம்மா. துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன்."

"காற்றுதான் நின்றுவிட்டதே."

அவர் துண்டைக் கீழே வைத்தார். "பார்க்க முடியவில்லை" என்றார். "அது மனுஷ முகமாகவே இல்லை. துண்டை எடுத்தபோது எதிரே யாரும் இல்லை. குளம்புத் தடம் என் கால்வரைக்கும் இருக்கிறது. அதற்கு அப்பால் இல்லை."

"உட்காருங்கள்" என்றார் அம்மா. "ஏசாயாவும் ஒருவரைப் பற்றிச் சொன்னாரே. பார்க்கச் சகிக்காத ஒருவர். கண்டதும் முகத்தை மறைத்துக்கொண்டார்கள் என்று."

"மறைத்துக்கொண்டார்கள் என்றுதான் நானும் பிரசங்கம் பண்ணிவந்தேன். ஆனால் அவர் அப்படி எழுதவில்லை, அம்மா. மறைத்துக்கொண்டோம் என்று எழுதினார். தன்னையும் சேர்த்து."

"யாரெல்லாம்?"

தூரத்தில் கடைசி பஸ்ஸின் ஹாரன் கேட்டது, தேய்ந்து மறைந்தது. ஞானாபரணம் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"நாங்கள்" என்றார். "அவர்களும் நானும்."

அம்மா எழுந்து, வாசலைப் பார்த்த சன்னல் பக்கம் போனார். அது சாத்தியிருந்தது; கொக்கியைக் கழற்றினார்.

"என்னை ஏன் விட்டுவிட்டீர்கள்? 'நாம்' என்று சொல்லுங்கள், வக்கீலய்யா. அவர் தலை நிமிர்ந்தபோது இந்தச் சன்னலைச் சாத்தியது நான்தான்."