முள்ளி எந்தக் காட்டுக்காரி?

ஒரு காட்டில் ஒரு முள்ளம்பன்றி இருந்தது. எந்தக் காட்டில் என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள் குழந்தைகளே, இவ்வளவு பெரிய சண்டை நடந்ததே அதைப் பற்றித்தான்.

அந்த முள்ளம்பன்றியின் பெயர் முள்ளி. அது பிறந்தது தாழைக்காட்டில். இப்போது இருப்பது இலுப்பைக்காட்டில். இரண்டு காடுகளுக்கும் நடுவே ஓர் ஆறு ஓடியது. ஆற்றின் நடுத்திட்டில் ஒரு பெரிய தட்டைப் பாறை கிடந்தது. அதைச் சுற்றிலும் களிமண்ணால் வரப்பு கட்டியிருந்தார்கள். வரப்பை ஒட்டி ஆறு குழிகள். பாறையின் நடுவில் மட்டும் ஒரு சின்னப் புடைப்பு.

ஆண்டுதோறும் மழை ஓய்ந்ததும் அந்தப் பாறையில்தான் குழியாட்டம் நடக்கும். கோலிக்குண்டு போலிருக்கும் கழற்சிக்காய்களைப் பாறைமேல் குவித்து வைப்பார்கள். கோலால் ஒரு வெள்ளைக்கல்லைத் தட்ட வேண்டும். அது ஓடிப்போய்க் காயில் மோதி, காய் குழிக்குள் விழ வேண்டும். எல்லாக் காய்களும் விழுந்த பிறகு, கடைசியாக ஒரு கருப்புப் பூந்திக்கொட்டை. அதை அடிக்க மட்டும் அணியில் எவரும் வரலாம். அதைக் குழியில் தள்ளும் காட்டுக்கே வெற்றி.

காட்டுக்கு மூன்று பேர் ஆடலாம். ஆனால் யார் வேண்டுமானாலும் ஆடிவிட முடியாது. "பிறந்த காட்டுக்கு ஆடலாம். இல்லாவிட்டால், ஒரு முழுக் கோடையையும் கழித்த காட்டுக்கு ஆடலாம். ஒரு காட்டுக்கு ஆடியவர் இன்னொரு காட்டுக்கு ஆட முடியாது." இதுதான் சட்டம்.

ஏன் கோடை? மழைக்காலத்தில் எல்லாக் காடும் நல்ல காடுதான். எவனும் வந்து குந்திக்கொள்வான். கோடையில் அல்லவா தெரியும் சங்கதி!

நடுவராக இருந்தது ஒரு கிழட்டு யானை. அது எந்தக் காட்டையும் சேராதது. ஆற்றோரமாகவே மேலும் கீழும் நடந்து, எல்லாக் காட்டுத் தண்ணீரையும் குடித்து வளர்ந்தது. அதிகம் பேசாது. ஆனால் எதையும் பார்க்காமல் விடாது.

சரி, முள்ளிக்கு வருவோம். தாழைக்காட்டில் ஆட்டக்குழுவின் தலைவன் ஒரு நரி. வாயைத் திறந்தாலே சூழ்ச்சி. முள்ளி ஒருநாள் ஆசையோடு போய், "நானும் ஆடட்டுமா?" என்று கேட்டது.

"நீயா? கிட்டே வந்தால் குத்துவாய். தள்ளி நில்!" என்று நரி விரட்டியது.

முள்ளி என்ன செய்யும்? தன் உடம்பிலிருந்து உதிர்ந்த நீளமான முள்ளையே கோலாக எடுத்துக்கொண்டு, தனியாக ஆடி ஆடிப் பழகியது. கூட ஆட ஆளே இல்லை. மனம் விட்டுப்போய், ஆறு மெலிந்திருந்த ஒரு பனிக்காலத்தில் அக்கரைக்குப் போய்விட்டது. அக்கரைதான் இலுப்பைக்காடு.

அடுத்து வந்த கோடை இருக்கிறதே, அடேயப்பா! இலுப்பைக்காட்டு ஓடை சுத்தமாக வறண்டது. மணலில் தோண்டிய ஒரே ஓர் ஊற்றுதான் எல்லோருக்கும். அந்த ஊற்று மூடிப்போகாமல் இருக்க அங்கே ஒரு வழக்கம் உண்டு. குடிக்க வருகிறவர்கள் முதலில் ஒரு பிடி மணலை அள்ளி வெளியே போட வேண்டும். பிறகுதான் வாய் வைக்கலாம்.

"இருக்கிற தண்ணீரே நமக்குப் போதவில்லை. இதில் இவளுக்கு வேறு பங்கா?" என்று முணுமுணுத்தது ஒரு கரடி. ஆனால் முள்ளி ஒரு பிடி அள்ள வேண்டிய இடத்தில் இரண்டு பிடி அள்ளுவதைப் பார்த்த பிறகு அதன் வாய் அடைத்துவிட்டது. கோடை முடிந்து மழை வந்தது. முள்ளி ஆடுவதையும் கரடி பார்த்தது. "முள்ளி இல்லாமல் நமக்கு அணியா? யார் சொன்னது?" என்று ஊரைக் கூட்டியது.

ஆக, இலுப்பைக்காட்டு அணியில் மூன்று பேர்: எதற்கெடுத்தாலும் பதறும் முயல், பெரிய வாய்க் கரடி, பேசாமல் காரியம் பார்க்கும் முள்ளி.

ஆட்ட நாள் வந்தது. ஆறு கரை நிறைய ஓடியது. யானைதான் எல்லோரையும் முதுகில் ஏற்றித் திட்டில் கொண்டுவந்து சேர்த்தது. பாறையைச் சுற்றி இரண்டு காட்டுக் கூட்டமும் நெருக்கியடித்து நின்றது. வழக்கப்படி ஒவ்வொரு ஆட்டக்காரரும் பாறைமேல் ஏறித் தம் காட்டின் பெயரைக் கூவ வேண்டும்.

தாழைக்காட்டிலிருந்து முதலில் காட்டுப்பூனை ஏறியது. "தாழைக்காடு!" பிறகு உடும்பு. "தாழைக்காடு!" மூன்றாவதாக ஒரு சோலைமந்தி ஏறியது. முகத்தைச் சுற்றிப் பிடரி மயிர், நீண்ட விரல்கள். அதுவும், "தா... தாழைக்காடு!" என்றது.

"இதை இதற்குமுன் பார்த்ததே இல்லையே!" என்றது முயல்.

"என்ன இப்படிச் சொல்லிவிட்டாய்? எங்கள் காட்டிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. கூச்ச சுபாவம், வெளியே வராது" என்று நரி இளித்தது.

அடுத்து இலுப்பைக்காட்டின் முறை. முயல் கூவியது, கரடி கூவியது. முள்ளி பாறையில் ஏறி, "இலுப்..." என்று ஆரம்பித்தது.

"நிறுத்து!" என்று நரி குறுக்கே பாய்ந்தது. "யானையாரே, இது அநியாயம்! இவள் எங்கள் தாழைக்காட்டில் பிறந்தவள்!"

"பிறந்தால் என்ன? போன கோடை முழுக்க எங்களோடுதான் இருந்தாள்!" என்று உறுமியது கரடி.

"கதை விடாதே! மழை பெய்த பிறகு பச்சையைப் பார்த்து ஓடி வந்தவள் இவள். கோடையில் இருந்ததற்கு யார் சாட்சி?"

"நாங்கள் எல்லோருமே சாட்சி!"

"ஜெயிக்கத் துடிக்கிறவர்கள் சொல்லும் சாட்சியா? நன்றாக இருக்கிறதே!"

யானை மெல்லத் தலையசைத்தது. "நரி சொல்வது சரிதான். சொந்த அணியின் சாட்சி செல்லாது."

நரிக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் ஒரு படி மேலே போனது. "அது மட்டும் போதாது. பொய் சொல்லி ஆட வந்தவர் இனி என்றைக்குமே இந்தப் பாறையில் கால் வைக்கக் கூடாது!"

"இந்தத் தண்டனை எல்லோருக்கும் பொதுவா?" என்று கேட்டது யானை.

"பொதுதான்! இதில் என்ன சந்தேகம்?"

முள்ளிக்கு உடம்பிலுள்ள முள்ளெல்லாம் நடுங்கியது. பிறந்த காடு விரட்டிவிட்டது. இருக்கிற காடும் உன்னுடையது இல்லை என்று தீர்ப்பு வந்துவிட்டால்? ஆட்டமும் போச்சு, காடும் போச்சு. அதற்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

யானை வானத்தைப் பார்த்தது. "வெயில் ஏறிவிட்டது. எல்லோரும் கத்திக் கத்தித் தொண்டை வறண்டிருப்பீர்கள். ஆட்டக்காரர்கள் எல்லோரும் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். அப்புறம் தீர்ப்புச் சொல்கிறேன்."

எல்லோரும் ஆற்றில் இறங்கினார்கள். நரியும் கூடவே போனது.

முயல் விளிம்பில் குனிந்து ஒரு பிடி மணலை அள்ளி ஓரமாகப் போட்டது. பிறகு குடித்தது. கரடியும் அப்படியே. ஆறு கரைபுரண்டு ஓடுகிறது, மணலை அள்ள அவசியமே இல்லை. ஆனாலும் கை சும்மா இருக்குமா?

அந்தப் பக்கம் காட்டுப்பூனை ஒரு கூழாங்கல்லைத் தண்ணீரில் எறிந்தது. இரண்டடி பின்னால் நகர்ந்து கொஞ்சம் காத்திருந்தது. பிறகு குடித்தது. உடும்பும் அப்படியே. நரியும் கல்லை எறிந்துவிட்டுக் காத்திருந்தது. தாழைக்காட்டுக் குளத்தில் முதலைகள் உண்டு, குழந்தைகளே. கல் எறிந்து பார்க்காமல் அங்கே யாரும் தண்ணீரில் வாய் வைக்க மாட்டார்கள்.

இப்போது முள்ளி வந்தது. ஒரு கூழாங்கல்லை எடுத்தது, தண்ணீரில் எறிந்தது, பின்வாங்கி நின்றது.

நரி துள்ளிக் குதித்தது. "பார்த்தீர்களா! பார்த்தீர்களா! கல் எறிந்தாள்! தாழைக்காட்டுக்காரிதான்!"

"அவள் இன்னும் குடிக்கவில்லையே. அவசரப்படாதே" என்றது யானை.

முள்ளி விளிம்புக்கு வந்தது. குனிந்து ஒரு பிடி மணலை அள்ளி வெளியே போட்டது. இன்னொரு பிடியும் அள்ளிப் போட்டது. அதற்கப்புறம்தான் குடித்தது. தான் என்ன செய்தோம் என்பதுகூட அதற்குத் தெரியாது.

யானை கரைக்கு வந்து நின்று உரக்கச் சொன்னது: "கல் எறிந்தாள். ஆகவே தாழைக்காட்டில் பிறந்தது உண்மை. மணல் அள்ளினாள், அதுவும் இரண்டு பிடி. மழையில் ஓடி வந்தவளுக்கு இந்தப் பழக்கம் எப்படி வரும்? ஊற்றைக் காப்பாற்றிக் குடித்தவளுக்குத்தான் வரும். கோடையில் அங்கே இருந்ததும் உண்மை. நரியே, இவள் என்றைக்காவது உங்கள் அணிக்கு ஆடியிருக்கிறாளா?"

"அது... வந்து... முள் குத்துமே என்று... நாங்கள் சேர்க்கவில்லை."

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"அப்படியென்றால் எந்தக் காட்டுக்கு ஆடுவது என்பது அவள் இஷ்டம்" என்றது யானை. "சரி, உங்கள் மூன்றாவது ஆட்டக்காரர் எங்கே?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சோலைமந்தி கல்லும் எறியவில்லை, மணலும் அள்ளவில்லை. தலையை நேராகத் தண்ணீருக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தது. நரி இருமிப் பார்த்தது, கனைத்துப் பார்த்தது, கண்ணைக் காட்டியது. மூடிய கண்ணுக்கு எதைக் காட்டினால் என்ன?

"முதலைக் குளத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை இப்படியா தலையைக் கொடுக்கும்?" என்று கேட்டது யானை.

சோலைமந்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தது. "முதலையா! இங்கே முதலை இருக்கிறதா? ஐயோ, நரி அண்ணன் அதைச் சொல்லவே இல்லையே! நான் மேற்கு மலைக்காரன். ஆடிக் கொடுத்தால் ஒரு பலாப்பழம் தருகிறேன் என்று கூட்டிக்கொண்டு வந்தார். காட்டுப் பேரையே வழியில்தான் சொல்லிக்கொடுத்தார்!"

அவ்வளவுதான், இலுப்பைக்காட்டுப் பக்கத்தில் எழுந்த கூச்சல் ஆற்றங்கரையையே அதிர வைத்தது.

"தண்டனை பொது என்று நீயே சொன்னாய்" என்றது யானை. "இந்த மந்தி இனிப் பாறையில் கால் வைக்க முடியாது. உன் காட்டிலிருந்து வேறு யாராவது ஆட வேண்டும். ஓர் ஆள் குறைந்தாலும் நீங்கள் தோற்றதாக அர்த்தம்."

"நானே ஆடுகிறேன்!" என்று நரி பல்லைக் கடித்தது.

யானை முள்ளியைப் பார்த்தது. "உன் காட்டின் பெயரைச் சொல்லம்மா."

முள்ளி வாயைத் திறந்தது. மறுபடியும் யாராவது 'நிறுத்து!' என்று பாய்ந்தால்? "ஆடிவிட்டுச் சொல்கிறேன்" என்று மட்டும் சொன்னது.

ஆட்டம் தொடங்கியது. முயல் பதறிப் பதறியே இரண்டு காய்களைக் குழியில் தள்ளியது. காட்டுப்பூனை சத்தமில்லாமல் மூன்றைத் தள்ளியது. கரடி ஓங்கி அடித்த அடியில் ஒரு காய் குழிக்குள் விழுந்தது, இன்னொன்று வரப்பைத் தாண்டி ஆற்றோடு போனது. உடும்பு ஒன்று, முள்ளி ஒன்று. ஆற்றோடு போன காயை யானை துதிக்கையால் மீட்டு வைத்ததும் அதையும் நரி குழியில் தள்ளிவிட்டது.

இப்போது பாறைமேல் இருந்தது கருப்பு ஒன்றுதான். காயைத் தள்ளியவருக்கு இன்னோர் அடி உண்டு, அதனால் மறுபடியும் நரி ஆடும் முறை.

நரி குறி பார்த்தது. குழி தூரம், நேராக அடித்தால் தவறிவிடும். அதற்கா யோசனைக்குப் பஞ்சம்? வெள்ளைக்கல்லை இலேசாகத் தட்டிவிட்டது. கருப்பு மெல்ல உருண்டு, நடுப் புடைப்புக்கு அந்தப் பக்கம் போய் ஒளிந்துகொண்டது. வெள்ளைக்கல் இந்தப் பக்கம் நின்றது.

"இப்போது அடி பார்ப்போம், இலுப்பைக்காட்டு ராணி!" என்று நரி இளித்தது.

"போச்சு, எல்லாம் போச்சு!" என்று முயல் காதைப் பொத்திக்கொண்டது.

முள்ளி பாறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. புடைப்பைப் பார்த்தது, வரப்பைப் பார்த்தது. கூட ஆட ஆளில்லாமல் தனியாக ஆடிய காலத்தில் அதற்குத் துணையாக இருந்தது ஒரு மண்மேடுதானே! அதன்மேல் அடித்து, அது திருப்பித் தந்த கல்லோடுதானே இத்தனை நாள் விளையாடியது!

முள்ளி குனிந்தது. கருப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரப்பைக் குறி வைத்தது.

"பைத்தியம்! எங்கே அடிக்கிறாள் பார்!" என்று நரி சிரித்தது.

டொக்!

வெள்ளைக்கல் வரப்பில் மோதியது. திரும்பியது. புடைப்பைச் சுற்றிக்கொண்டு ஓடியது. கருப்பின் விலாவில் பட்டது. கருப்பு உருண்டது... உருண்டது... குழியின் உதட்டில் ஒரு கணம் நின்று, உள்ளே விழுந்தது.

நரியின் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"இலுப்பைக்காட்டுக்கே வெற்றி!" என்று யானை துதிக்கையை உயர்த்திப் பிளிறியது. "முள்ளி, நீ சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது."

முள்ளி பாறையின் நடுப் புடைப்பின்மேல் ஏறி நின்றது. எல்லா முள்ளையும் சிலிர்த்துக்கொண்டு, மூச்சை இழுத்து, அடிவயிற்றிலிருந்து கூவியது:

"இலுப்பைக்காடு!"

"இலுப்பைக்காடு! இலுப்பைக்காடு!" என்று அக்கரைவரை எதிரொலித்தது.

கரடிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடி வந்து முள்ளியை அப்படியே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டது. "ஐயோ, குத்துதே! அம்மா, குத்துதே!" என்று கத்திக்கொண்டே கரை முழுக்கச் சுற்றி வந்தது.

ஆனாலும் வீடு போய்ச் சேரும்வரை கீழே இறக்கிவிடவே இல்லை.

நீதி: கஷ்ட காலத்தில் கூட நின்று பங்கெடுத்தவர், எங்கே பிறந்திருந்தாலும் நம்மவரே.