செங்கண்ணனும் காய்க்காத மாதுளையும்

ஊருக்கு ஒரு ராஜா இருந்த காலம் அது, கேளுங்கள். குன்றையூர் அரண்மனைத் தோட்டத்தில் ஒரு மாதுளை மரம் நின்றது. ராஜாவே தன் கையால் நட்ட மரம். அதற்குக் காவல், தோட்டக்காரர்களின் தலைவன் செங்கண்ணன். தண்ணீர் இறைத்து ஊற்றியவள் பொன்னரி.

மரம் பூத்தால் கொள்ளை அழகு. செங்கண்ணன் விடிந்ததும் ஒரு பூ விடாமல் பறித்து, தட்டில் அடுக்கி, ராஜாவின் முன்னே வைப்பான். "ஆகா!" என்பார் ராஜா. அந்த ஒரு சொல்லுக்காகவே மறுநாளும் பறிப்பான்.

"பூவெல்லாம் போயிட்டா காய் எப்படிங்க பிடிக்கும்?" என்று பொன்னரி ஒருநாள் கேட்டாள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் வருஷம் ராஜா, "பழம் எங்கே?" என்றார். "மண் சரியில்லை" என்றான். இரண்டாம் வருஷமும் கேட்டார். "காற்று சரியில்லை" என்றான். மூன்றாம் வருஷம் கேட்டபோது ராஜாவின் முகம் கடுத்திருந்தது. பயந்துபோன செங்கண்ணன், "தண்ணீர் ஊற்றுகிறவள் சரியில்லை" என்று சொல்லிவிட்டான்.

கூலியாட்கள் எல்லோரும் பார்க்க, பொன்னரியை வெளியே அனுப்பினார்கள்.

அடுத்த வருஷம் பூக்கும் பருவத்தில் செங்கண்ணன் காய்ச்சலில் விழுந்தான். ஒன்றரை மாதம் எழவில்லை. மரத்தை வேறு யாரும் தொடவில்லை. எழுந்து வந்து பார்த்தால், கிளை கிளையாய்ப் பிஞ்சு!

ராஜா மகிழ்ந்துபோய் அவன் தோளில் பட்டுச் சால்வை போர்த்தினார். "அவளைத் துரத்தியது நல்லதாயிற்று" என்றார்.

செங்கண்ணன் தலையைக் குனிந்தான். பணிவு என்று நினைத்தார் ராஜா. பணிவா அது? வெட்கம்! அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. மூன்றாம் நாள் சால்வையை எடுத்துக்கொண்டு பொன்னரி வீட்டுக்குப் போனான். அவள் வறட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"தப்பு என்னுடையதம்மா. இதை வாங்கிக்கொள்."

"சால்வை எனக்கு எதுக்குங்க? என் பேரை எங்கே கெடுத்தீங்களோ, அங்கேயே வந்து சொல்லுங்க."

சொன்னான். மரத்தடியில், ராஜாவும் கூலியாட்களும் சூழ்ந்து நிற்க, பூவையெல்லாம் தான் பறித்ததால்தான் காய் பிடிக்கவில்லை என்று சொன்னான்.

ராஜா கிளையில் தொங்கிய பிஞ்சுகளை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "அவளை ஒரு வார்த்தை கேட்காமல் நானும் அனுப்பிவிட்டேனே" என்றார். மரத்தைப் பொன்னரியின் பொறுப்பில் விட்டார். செங்கண்ணன் தண்ணீர் இறைத்தான்.

பழம் பழுத்தது. பொன்னரி முதல் பழத்தை உடைத்து எல்லோருக்கும் பங்கிட்டாள், அவனுக்கும் கொடுத்தாள். அவன் கையை நீட்டினானே தவிர, அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

தன் தப்பைப் பிறர் தலையில் கட்டுகிறவன், பின்னால் அதைத் திருத்தினாலும், அந்த வெட்கத்தைச் சுமந்துதான் ஆகவேண்டும்.